காலையில் 11 டிகிரி, மாலையில் மைனஸ் 6: ஒரே நாளில் இரண்டு காற்று

கேள்வி இது: டொராண்டோவின் ஸ்காபரோவில் டிசம்பர் கடைசியில் ஒரு நாள். காலையில் 11 டிகிரி, தூறல், ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு நடக்கலாம் போல இருந்தது. மதியத்துக்குப் பிறகு காற்று திடீரென்று திரும்பியது. மாலையில் மைனஸ் 6, தெரு முழுக்க ஐஸ். தொலைக்காட்சி வானிலைப் படத்தில் நீலப் பல் வைத்த கோடு ஒன்று நம் மேல் கடந்து போனது. அந்தக் கோடு என்ன? யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஏன் இப்படி நடப்பதில்லை?

அன்று காலையில் ஸ்காபரோ மேல் இருந்தது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த காற்று. மாலையில் இருந்தது வடகனடாவின் காற்று. சூரியன் இறங்கியதால் வந்த குளிர் இல்லை அது. ஒரு காற்று விலகி அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவிலிருந்த எல்லைதான் அந்த நீலக் கோடு.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒரே குணமுள்ள பரந்த நிலத்தின் மேலோ கடலின் மேலோ காற்று அதிக நகர்வில்லாமல் சில நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கிவிட்டால் அடியில் இருப்பதன் குணம் மெல்ல அதற்குள் ஏறிவிடும். வெண்பனி மூடிய வடகனடாச் சமவெளியில், நாளுக்குச் சில மணி நேரமே வெயில் உள்ள டிசம்பரில், தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ள காற்றும் அடியிலிருந்து குளிர்ந்து, உலர்ந்து, கனத்துப் போகிறது. மெக்சிகோ வளைகுடாவின் மேலோ தண்ணீரே குளிர்காலத்திலும் இருபது டிகிரிக்கு மேல். அங்கே தங்கிய காற்று வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்தும் இருக்கும். இப்படி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்து, கிடைவாக்கில் ஏறக்குறைய ஒரே வெப்பமும் ஈரமும் கொண்ட காற்றைத்தான் காற்றுத்திரள் என்கிறோம். பிறந்த இடம் நிலமா கடலா, குளிர் நாடா வெப்ப நாடா என்ற இரண்டு விவரங்களை வைத்தே அதற்குப் பெயர். ஒன்டாரியோவுக்கு முக்கியமானவை மூன்று: வடக்கிலிருந்து வரும் குளிர் நிலக்காற்று, தெற்கிலிருந்து வரும் வெப்பக் கடற்காற்று, பசிபிக்கில் பிறந்து ராக்கி மலையில் ஈரத்தின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு மிதமாக வந்து சேரும் காற்று. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஈரக்காற்று கனடாவின் கிழக்குக் கோடித் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்குத் தினப்படி விஷயம். டொராண்டோவுக்கு எப்போதாவது வரும் விருந்தாளி.

வட அமெரிக்காவின் தரையமைப்பு இந்த மோதலுக்கென்றே அமைந்தது போல இருக்கும். பெரிய மலைகள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே ஒரு சுவர் கிடையாது. குளிர்காற்று தடையில்லாமல் டெக்சாஸ் வரை இறங்கும். வளைகுடாக் காற்று தடையில்லாமல் ஒன்டாரியோ வரை ஏறும். 1911 நவம்பர் 11-ஆம் தேதி ஓக்லஹோமா நகரத்தில் 28 டிகிரியைத் தொட்ட வெப்பநிலை, அதே நாள் நள்ளிரவுக்குள் மைனஸ் 8-க்கு இறங்கியது. அந்தத் தேதிக்கான உச்சமும் தாழ்வும் இரண்டுமே அந்த ஒரு நாளில் பதிவானவை. நம் பக்கத்தில் இமயமலை கிழக்கு மேற்காகக் குறுக்கே நிற்கிறது. சைபீரியக் குளிர் நேராகக் கங்கைச் சமவெளியில் இறங்க முடியாததற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

காற்றுத்திரள் பிறந்த குணத்தோடே கடைசிவரை இருக்காது. வடக்குக் காற்று இன்னும் உறையாத ஹூரான் ஏரியைக் கடக்கும்போது அடியில் சூடேறி ஈரத்தைக் குடிக்கிறது. ஏரியின் மேற்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 13 டிகிரியைத் தாண்டினால், அந்த ஈரம் குமுறி எழுந்து எதிர்க்கரையில் வெண்பனியாகக் கொட்டும். காற்று தண்ணீரின் மேல் நூறு கிலோமீட்டராவது ஓடினால் நன்றாகப் பிடிக்கும். பேரி, ஓவன் சவுண்ட், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் உள்ள பஃபலோ ஆகிய ஊர்கள் இதனால்தான் புதைகின்றன. ஈரி ஆழம் குறைந்த ஏரி என்பதால் சீக்கிரம் உறையும். உறைந்த பிறகு இந்த ஏரிப்பனி அடங்கிவிடும். டொராண்டோ ஒன்டாரியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. வடமேற்குக் காற்று உங்களிடம் வரும்போது நிலத்தின் மேல்தான் வருகிறது, அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறீர்கள்.

இதே மாற்றம் நம் வடகிழக்குப் பருவக்காற்றிலும் உண்டு. ஆசிய நிலப்பரப்பிலிருந்து உலர்ந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீர்மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டுக் கரையையும் இலங்கையின் வடகிழக்கையும் தொடும்போது ஈரம் சுமந்த கடற்காற்றாகிவிடுகிறது. காற்று பிறந்த ஊரோடு அது வந்த வழியையும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

இனி அந்தக் கோடு. இரண்டு காற்றுத்திரள்கள் சந்தித்தால் எண்ணெயும் தண்ணீரும் போல முழுதாகப் பிரிந்து நிற்பதில்லை. ஆனால் சட்டென்று கலந்துவிடுவதும் இல்லை. சில பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குள் வெப்பம், ஈரம், காற்றுத் திசை மூன்றும் வேகமாக மாறும் பட்டை ஒன்று உருவாகிறது. அதுதான் முகப்பு, பாடநூல்களில் வளிமுகம் என்றும் வரும். போர்முனை என்று பொருள்படும் ‘ஃபிரண்ட்’ என்ற சொல் முதல் உலகப்போர்க் காலத்தின் பேச்சிலிருந்து வந்தது. போரால் அண்டை நாடுகளின் வானிலைச் செய்திகள் நின்றுபோன நிலையில், நார்வே தன் மேற்குக் கரையில் நெருக்கமாக அவதானிப்பு நிலையங்களை அமைத்தது. 1917-இல் அந்நாட்டின் பெர்கன் நகருக்கு வந்த வானிலை அறிவியலாளர் வில்ஹெல்ம் பியர்க்னெஸின் குழு அந்த விவரங்களை வரைபடத்தில் இட்டபோது, தாழ்வழுத்தத்துக்குள், அதாவது காற்றழுத்தம் குறைந்த மையத்தைச் சுற்றிக் காற்று சுழலும் பகுதிக்குள், கோடுபோல் ஓடும் இந்த எல்லைகள் கண்ணில் பட்டன. 1919-இல் அதை முறையாக எழுதி வெளியிட்டவர் அவர் மகன் ஜேக்கப். அப்போது வயது 21. இன்றைய வானிலைப் படத்தில் நீங்கள் பார்க்கும் பற்களும் அரைவட்டங்களும் அந்தக் குழு தந்த பார்வையிலிருந்து வளர்ந்தவை.

முகப்பைத் தரையில் வரைந்த கோடாக மட்டும் நினைத்தால் எதுவும் புரியாது. அது சாய்ந்து நிற்கும் ஒரு தளம். கோடு என்பது அந்தத் தளம் தரையைத் தொடும் இடம் மட்டுமே. 0 டிகிரிக் காற்று கன மீட்டருக்கு 1.29 கிலோ எடை. 20 டிகிரிக் காற்று 1.20 கிலோ. இந்த ஏழு சதவீதம் போதும், குளிர்காற்று எப்போதும் அடியில்தான் கிடக்கும், ஆப்பு போல. வெப்பக் காற்று அதன் மேல் ஏறியாக வேண்டும். ஏறும் காற்று மேகமாகும் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். குளிர்ந்தால் ஈரம் மேகமாகும், மழையாகும். எவ்வளவு சரிவில் ஏறுகிறது என்பதுதான் நாள் முழுக்கத் தூறலா, அரை மணி நேரக் கொட்டலா என்று முடிவு செய்கிறது.

வெப்ப முகப்பு என்பது பின்வாங்கும் குளிர்காற்றின் முதுகின் மேல் வெப்பக் காற்று ஏறுவது. படத்தில் சிவப்புக் கோடு, அரைவட்டங்கள். சரிவு மிகக் குறைவு: சுமார் 200 கிலோமீட்டர் போனால் ஒரு கிலோமீட்டர் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய இறகு மேகம் தெரியும்போது தரையில் முகப்பு இன்னும் 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்து சேர 40 மணி நேரம். அதனால்தான் வெப்ப முகப்பு முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். முதலில் இறகு மேகம். பிறகு பால்போல வானத்தை மூடும் மெல்லிய திரை, அதில் சூரியனையோ நிலாவையோ சுற்றி ஒரு வட்டம். மேகத்தின் அறுகோண ஐஸ் படிகங்கள் ஒளியை 22 டிகிரி கோணத்தில் வளைப்பதால் வரும் வட்டம் அது. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற நம் பழமொழி இந்த அட்சரேகையில் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பிறகு மேகம் தடித்து, இறங்கி, சாம்பல் நிறமாகி, பல மணி நேரம் விடாத மழை அல்லது வெண்பனி. காற்று கிழக்கிலிருந்து, அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். முகப்பு கடந்ததும் காற்று தென்மேற்குக்குத் திரும்பும், மழை தூறலாகும், குளிர்ந்த தரைமேல் ஈரக்காற்று வந்தால் மூடுபனி. உங்கள் காலை 11 டிகிரி இந்த இடம்தான்.

குளிர் முகப்பு இதற்கு நேர்மாறான சுபாவம். முன்னேறுவது கனமான காற்று. தரையின் உராய்வு அதன் அடியைப் பிடித்து இழுப்பதால் முன்பக்கம் செங்குத்தாகிறது. சரிவு 50-க்கு ஒன்று முதல் 100-க்கு ஒன்று வரை. வேகமும் அதிகம், மணிக்கு 40, 50 கிலோமீட்டர் சாதாரணம். எதிரே உள்ள வெப்பக் காற்றைத் தூக்கி எறிவது போல மேலே தள்ளுகிறது. விளைவு ஒடுங்கிய மழைப்பட்டை, கோடையென்றால் இடி. முன்னறிவிப்பு மேகம் அதிகம் இருக்காது. கோடையில் பலமான இடிமழைக் கோடு பல நேரம் முகப்புக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் முன்னாலேயே வெப்பக் காற்றுக்குள் உருவாகிவிடும். அது போனதும் ‘முகப்பு கடந்தாயிற்று’ என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே இன்னும் புழுக்கமாக இருந்தால் முகப்பு வரவில்லை என்றே அர்த்தம். இரண்டாவது சுற்று வரலாம்.

குளிர் முகப்பு உண்மையில் கடந்ததா என்று எப்படி உறுதி செய்வது? வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். நண்பகல் வெயில் குளிர்காற்றைச் சூடாக்கிக் காட்டலாம். குளிர்கால அதிகாலையில் தரையோடு தேங்கிய குளிர்காற்றை முகப்பின் பலத்த காற்று கலக்கிவிட்டு, கடந்த பிறகு வெப்பநிலை சில டிகிரி ஏறுவதும் உண்டு. மூன்றைப் பாருங்கள்: காற்றுத் திசை, அழுத்தம், பனிப்புள்ளி. காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குக் கடிகாரச் சுற்றாகத் திரும்பும். இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் அந்த நிமிடத்தில் திரும்பி ஏறத் தொடங்கும். கனடிய வானிலைத் துறை அழுத்தத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் தருவதால் 99.6 என்றிருந்தது 100-ஐத் தாண்டி ஏறுவதைக் காண்பீர்கள். மூன்றாவதான பனிப்புள்ளி, ஆங்கிலத்தில் டியூ பாயின்ட், எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் என்பதைச் சொல்வது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதற்கு நேர்மையான அளவு அதுவே. ஒப்பு ஈரப்பதம் வெயில் ஏறினால் குறையும், இரவானால் கூடும். பனிப்புள்ளி அப்படி அலையாது. அதனால் அதைக் காற்றுத்திரளின் அடையாள அட்டை என்றே கொள்ளலாம். வளைகுடாக் காற்று ஜூலையில் 20 டிகிரிக்கு மேல் பனிப்புள்ளியோடு வரும். ஆடை உடம்போடு ஒட்டும். உங்கள் டிசம்பர் நாளில் காலை 9 டிகிரி அளவில் இருந்த பனிப்புள்ளி மாலையில் மைனஸ் பத்துக்குக் கீழே போயிருக்கும்.

தாழ்வழுத்தத்தைச் சுற்றி இந்த இரண்டு முகப்புகளும் கடிகார முட்கள் போல விரிந்து நிற்கும். வேகமான குளிர் முகப்பு மெதுவான வெப்ப முகப்பை எட்டிப் பிடித்தால் நடுவிலிருந்த வெப்பக் காற்று தரையிலிருந்தே தூக்கப்பட்டுவிடும். படத்தில் அது ஊதா நிறம், பல்லும் அரைவட்டமும் ஒரே பக்கம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வந்தால் அந்த முகப்பு நகரவில்லை. ஒரே ஊரில் நாள்கணக்கில் மழை பெய்ய அது போதும். பற்கள் எந்தப் பக்கம் நீட்டுகின்றனவோ அந்தப் பக்கம் முகப்பு நகர்கிறது.

ஒரு பகுதியை மட்டும் அவசரமாகக் கடக்க மனமில்லை: உறைமழை. உயிரையும் மின்சாரத்தையும் எடுக்கும் முகப்பு வானிலை அதுதான். வெப்ப முகப்புக்கு முன்னால் தரையோடு மெல்லிய குளிர்காற்று. அதன் மேல் 0 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பக் காற்றின் ஒரு அடுக்கு. அதற்கும் மேலே பனி உருவாகும் உயரம். மேலிருந்து விழும் பனித்துகள் நடு அடுக்கில் உருகுகிறது. அந்த அடுக்கின் உச்ச வெப்பம் 3 டிகிரிக்கு மேல் என்றால் முழுக்க உருகி நீர்த்துளியாகும். கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து ஐஸ் பரல்களாக விழும்; கார்க் கண்ணாடியில் கிலுங்கும், அவ்வளவுதான். குளிர் அடுக்கு சில நூறு மீட்டரே என்றால் உறைய நேரமில்லை. 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே விழும் அந்தத் துளி, மரக்கிளை, மின்கம்பி, படிக்கட்டு எதைத் தொட்டாலும் அங்கேயே கண்ணாடியாகிவிடும். 1998 ஜனவரியில் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காற்று சிறைப்பட்டுக் கிடக்க, மேலே வளைகுடாக் காற்று நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. கிழக்கு ஒன்டாரியோவிலும் தென் கியூபெக்கிலும் பல இடங்களில் 80 மில்லிமீட்டருக்கு மேல் உறைமழை. ஆயிரத்தை ஒட்டிய எஃகு மின்கோபுரங்கள் சரிந்தன. 2013 டிசம்பர் 21, 22-இல் டொராண்டோவிலேயே சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கியதும் இதே அமைப்பால்தான். ஒன்றோ இரண்டோ டிகிரி வித்தியாசம் மழை, உறைமழை, பரல், வெண்பனி என்று நான்கு வேறு நாள்களைத் தருகிறது. முன்னறிவிப்பு தவறும்போது முன்னறிவிப்பாளரைத் திட்டும் முன் இதை நினைக்க வேண்டும்.

முன்னறிவிப்பு தவறும் இன்னோர் இடம் தாழ்வழுத்தத்தின் பாதை. அதன் மையம் உங்களுக்கு வடக்கே போனால் நீங்கள் இரண்டு முகப்புகளுக்கும் நடுவிலுள்ள வெப்பப் பகுதிக்குள் நுழைந்து வெளியேறுவீர்கள்: காற்று கிழக்கு, தெற்கு, மேற்கு என்று சுற்றும், மழை, பிறகு குளிர். மையம் தெற்கே போனால் வெப்பக் காற்று உங்களைத் தொடவே தொடாது: காற்று கிழக்கு, வடகிழக்கு, வடக்கு என்று மறுபக்கம் சுற்றும், முழுக்க வெண்பனி. கொலராடோ பக்கமிருந்து வரும் தாழ்வுகள் வளைகுடா ஈரத்தை அள்ளி வருவதால் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. பாதை நூறு கிலோமீட்டர் நகர்ந்தால் 20 சென்டிமீட்டர் பனி என்பது குடை போதும் என்றாகிவிடும். ஆல்பர்ட்டாவிலிருந்து வேகமாக ஓடிவருபவை ஈரம் குறைந்தவை. சில சென்டிமீட்டர் பொடிப்பனி, பின்னாலேயே கடுங்குளிர்.

கைபேசிச் செயலியில் அன்று ‘உச்சம் 11’ என்று இருந்திருக்கும். அது பிழை இல்லை, ஆனால் ஏமாற்றும். உச்சம் பிற்பகலில்தான் வரும் என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. முகப்பு கடக்கும் நாளில் உச்சம் காலை எட்டு மணிக்கே முடிந்துபோகலாம். மணிவாரிப் பட்டியலைத் திறந்து, காற்றின் திசை மாறும் மணியைத் தேடுங்கள். உங்கள் நாள் அந்த மணியில்தான் இரண்டாகப் பிரிகிறது. அதற்கு முன்பே நடைபாதையில் தேங்கிய நீரையும் சேற்றுப்பனியையும் வழித்துத் தள்ளிவிட வேண்டும். மழை பெய்யும்போதே உப்புத் தூவினால் கழுவிக்கொண்டு போய்விடும். மழை நின்று, தரை உறையும் தறுவாயில் தூவ வேண்டும். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக உதவாது; அப்போது மணல்தான். பிள்ளையைக் காலையில் மெல்லிய காலணியோடு பள்ளிக்கு அனுப்பினால், அதே காலணியில் ஐஸ் மேல் திரும்பி வர வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை? முகப்பு உருவாக, அருகருகே மிக வேறுபட்ட வெப்பம் வேண்டும். டிசம்பரில் டொராண்டோவுக்கும் சுமார் 1,800 கிலோமீட்டர் தெற்கே வளைகுடாக் கரைக்கும் இடையே பதினைந்து, இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணம். யாழ்ப்பாணத்துக்கும் இலங்கையின் தென்கோடி ஊரான காலிக்கும் கடற்கரையில் ஓரிரு டிகிரியே. பூமியின் சுழற்சியும் ஒரு காரணம். காற்றை வளைக்கும் அதன் விசை 44 டிகிரி அட்சரேகையில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குதான் யாழ்ப்பாணத்தின் 10 டிகிரியில். அந்த விசை பலமாக இருந்தால்தான் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சாய்ந்த தளமாக நாள்கணக்கில் எதிர்த்து நிற்க முடியும். பலவீனமானால் வித்தியாசம் சீக்கிரம் பரவிக் கரைந்துவிடும். வங்கக் கடல் புயலிலும் முகப்பு இல்லை. அது வெப்பக் கடலின் ஈரத்தைத் தின்று வளர்வது, நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடானது. ஒன்டாரியோவின் தாழ்வழுத்தமோ இரண்டு காற்றுத்திரள்களின் வெப்ப வித்தியாசத்தைத் தின்று வளர்கிறது. இரண்டையும் செய்தியில் ‘புயல்’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். வட இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறுகள் வரும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகரும் இந்தத் தாழ்வுகள்தான் பஞ்சாப் கோதுமைக்கு மழையையும் காஷ்மீருக்குப் பனியையும் தருகின்றன. தமிழ்நாட்டுக்கு அவற்றின் கை எட்டுவது அபூர்வம்.

ஆனாலும் சென்னையில் வளர்ந்தவர் ஒரு சிறிய முகப்பைத் தோலில் உணர்ந்திருப்பார். மே மாதப் பகலில், மேற்கிலிருந்து வரும் நிலக்காற்றில் 40 டிகிரி கொதிக்கும்போது, நண்பகலை ஒட்டியோ சற்றுத் தாமதமாகவோ கடற்காற்று நுழையும். அதுவும் குளிர்ந்த கனமான காற்று, சில நூறு மீட்டர் தடிமன், முன்னால் ஓர் ஓரம். கடந்த சில நிமிடங்களில் வெப்பம் சில டிகிரி இறங்கும், பனிப்புள்ளி ஏறும், காற்று மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பும். உள்நாட்டை நோக்கி நகரும் அந்த ஓரம் வெப்ப நிலக்காற்றைத் தூக்க, மாலையில் காஞ்சிபுரம் பக்கம் இடிமேகம் எழும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு நுழையாமல் போகும். அன்றுதான் மீனம்பாக்கத்தில் அந்தக் கோடையின் உச்ச வெப்பம் பதிவாக வாய்ப்பு அதிகம்.